நூறு சதுர அடி மவுண்ட் ரோடு

ஸ்பென்சர் பிளாசாவில் கடை நடத்துபவர்களுக்கும், கடையைச் சொந்தமாக வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



வாடகை வாங்குபவரையும் கொடுப்பவரையும் ஒரே மடலில் கூப்பிடுவது வழக்கமில்லைதான். மாதம் பிறந்தால் உங்களுக்குள் நடக்கும் பேச்சு எப்படியிருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனாலும் இனி வரப்போவது இரு தரப்பையும் சேர்த்துத்தான் தாக்கும். அதனால் இரண்டு பேரும் படியுங்கள். படித்துவிட்டு வழக்கம்போலச் சண்டை போடுங்கள், தவறில்லை.

அண்ணா சாலையில், அதாவது நம் பழைய மவுண்ட் ரோட்டில், என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டி, தகரம் அடித்து, ஒருவழிப் பாதையாக்கி, உங்கள் வாசலுக்கு வருகிற ஆட்டோவை எல்லாம் ஊர் சுற்றவிட்ட அந்த ஆண்டுகளை முழுவதும் அனுபவித்தவர்கள் நீங்கள். 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. எல்.ஐ.சி. நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். சாந்தி தியேட்டர் 2016-இல் மூடப்பட்டது. சாலையின் தெற்கே தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு இரும்பு மேம்பாலம் எழுகிறது. ஆழ்வார்பேட்டைப் பக்கம் அடையார் கேட் என்று ஊரே அழைத்த ஹோட்டல் 2023 இறுதியில் கதவைச் சாத்தியது, அந்த இடத்துக்குச் சொகுசு வீடுகள் வருகின்றன. புரசைவாக்கத்தில் அபிராமி மாலும் இடித்துக் கட்டப் போய்விட்டது. நகரத்தின் நடுவில் பழைய பெரிய மனை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் யாரோ ஒருவர் கால்குலேட்டரோடு நிற்கிறார். சுமார் பத்து ஏக்கரை, அதுவும் மவுண்ட் ரோட்டில், அவர் பார்க்காமல் போவாரா?

உங்கள் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று நான் செய்தி சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட பேச்சு எப்போது வந்தாலும் அதற்கு முன்பே நீங்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு என்பதற்காக எழுதுகிறேன்.

ஸ்பென்சர் என்றதும் நகரத்தின் வரலாறு பேசுகிறவர்கள் எல்லாரும் கண்ணில் நீர் வைத்துக்கொண்டு சொல்லும் ஒரு கதை இருக்கிறது. 1863 வாக்கில் சார்லஸ் டூரன்ட்டும் ஜான் வில்லியம் ஸ்பென்சரும் தொடங்கிய கடை. பிறகு யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்து, 1895-இல் இதே மனையில் கட்டடக் கலைஞர் பாக்சன் வரைந்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடத்துக்குக் குடிபோனது. எண்பதுக்கு மேற்பட்ட பிரிவுகள், ஆசியாவிலேயே பெரிய பல்பொருள் கடை என்ற பெயர். ஸ்பென்சர் சோடா, திண்டுக்கல்லில் சுருட்டிய ஸ்பென்சர் சுருட்டு, ரயில் நிலையங்களில் ஸ்பென்சர் சிற்றுண்டிச் சாலை, பக்கத்திலேயே கன்னிமரா ஹோட்டல். எஸ். முத்தையா இந்த நிறுவனத்தின் கதையை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிவைத்தார். 1983-இல் தீப்பிடித்துக் கட்டடம் போனதும், ‘எங்கள் ஸ்பென்சர் போய்விட்டது’ என்று சென்னை அழுதது. இன்றுவரை அழுகிறது.

எனக்கு அந்த அழுகையில் முழுப் பங்கு இல்லை. கட்டடம் அழகாக இருந்தது, படங்களில் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்தக் கடை யாருக்காக இருந்தது? வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு, ஜமீன்தார்களுக்கு, ராஜாக்களின் அரண்மனைக் கணக்குப்பிள்ளைகளுக்கு, பிறகு கொஞ்சம் வசதியான வக்கீல்களுக்கு. திருவல்லிக்கேணியில் குடித்தனம் இருந்து அலுவலகத்துக்கு நடந்து போன குமாஸ்தாவை உள்ளே வராதே என்று யாரும் தடுத்திருக்கத் தேவையில்லை. விலைச்சீட்டே காவல்காரன். அந்தக் குமாஸ்தா அங்கே சாமான் வாங்குவதே அரிதென்றால், கடை வைப்பதை நினைத்திருக்கவே முடியாது. ஒரே நிறுவனம், ஒரே கல்லா.

உங்கள் கட்டடம் அப்படியில்லை. அதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

தீப்பிடித்த மனையில் 1991-இல் ஸ்பென்சர் பிளாசா திறந்தது. அதன் பிறகு அடுத்தடுத்த கட்டங்களாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் இங்கே மால் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வழியைக் கடைப்பிடித்தார்கள். கட்டடத்தைச் சின்னச் சின்னக் கடைகளாகக் கூறுபோட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பத்திரமாக விற்றுவிடுவது. கட்டுகிறவருக்குப் பணம் சீக்கிரம் கையில் வரும், கடன் சுமை குறையும். எழும்பூர், ஜெமினிப் பக்கமெல்லாம் வந்த வளாகங்களும் இப்படித்தான். கட்டியவர் லாபத்துக்காகத்தான் செய்தார், தர்மத்துக்காக அல்ல. ஆனால் அதன் விளைவு அவர் நினைத்ததைவிடப் பெரியது. துபாயிலிருந்து திரும்பியவர், பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்து அலுத்தவர், தம்பிக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்த அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர், இப்படிப் பலரும் மவுண்ட் ரோட்டில் நூறு சதுர அடிக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பெரிய கம்பெனிகளின் முகவரியாக இருந்த சாலை அது. அதில் ஷட்டர் ஒன்றுக்குத் தன் பெயரில் பத்திரம் வைத்திருக்கும் சாதாரண ஆள், நகரத்தின் வரலாற்றில் புதிய பிறவி.

அந்தத் தொண்ணூறுகளை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு முன்பு வெளிநாட்டுச் சாமான் என்றால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட அந்தக் கடை வரிசையில் பேரம் பேசி, சுற்றும் முற்றும் பார்த்து, தாளில் சுற்றி வாங்கி வருவோம். 1991 பொருளாதாரத் திறப்புக்குப் பிறகு அதே பொருள் ஸ்பென்சரில் விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், பில்லோடு கிடைத்தது. காயிதே மில்லத் பெண்கள் கல்லூரியிலிருந்து கூட்டமாக நடந்து வந்த மாணவிகள் எதுவும் வாங்காமல் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் போவார்கள். யாரும் ‘என்ன வேணும்?’ என்று விரட்டவில்லை. என்னைப் போன்ற பலருக்கு எஸ்கலேட்டரில் முதல் அடி வைத்த இடம் அதுதான். வெயில் காலத்தில் இலவச ஏசிக்காகவே வந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். லேண்ட்மார்க்கில் நின்றுகொண்டே புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு, மனசாட்சிக்காக ஒரு பேனா வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். மியூசிக் வேர்ல்டில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கலாம், காசு இல்லை. அந்தப் பெரிய கடைகளின் நிழலில் நீங்கள் இருந்தீர்கள். பெல்ட், கைக்கடிகாரம், கண்ணாடி, டி-ஷர்ட், வாழ்த்து அட்டை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று பஷ்மினா சால்வையும் காகிதக்கூழ்ப் பெட்டியும் விற்ற காஷ்மீரிகள். அளவெடுத்து அடுத்த நாளே சூட் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள். பிறகு செல்போன் வந்ததும் பேக் கவர், டெம்பர்டு கிளாஸ்.

இந்தக் கலகலப்பு அழிந்ததற்குக் காரணம் ஒன்றா இரண்டா? 2006-இல் சிட்டி சென்டர், 2009-இல் ஸ்கைவாக், 2010-இல் உங்களிடமிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ். நடுவில் மெட்ரோ பள்ளம். அப்புறம் ஆன்லைன். அப்புறம் கொரோனா. மியூசிக் வேர்ல்டு நிறுவனமே 2013-இல் மூடிக்கொண்டது. இதெல்லாம் எல்லாரும் சொல்லும் காரணங்கள், எல்லாம் உண்மையும்கூட.

ஆனால் உங்களை வளர்த்த அதே ஏற்பாடுதான் உங்களை முடக்கியதும் என்பதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற மாலில் கடைகளை விற்பதில்லை. எல்லாம் வாடகை, ஒரே சொந்தக்காரர். எந்தத் தளத்தில் துணி, எங்கே சாப்பாடு, எங்கே சினிமா என்று அவர் முடிவு செய்வார். கூட்டம் குறைந்தால் வேறு கடையைக் கொண்டுவருவார். தரை பெயர்ந்தால் மறுவாரம் மாற்றிவிடுவார். வியாபாரம் டல்லாக இருக்கும் கடையைக் காலி செய்யச் சொல்லவும் அவருக்குத் தயக்கம் இல்லை. உங்களிடமோ நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்கள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் இறந்து வாரிசுகள் வழக்கில், ஒருவர் மெயின்டனன்ஸ் கட்ட மறுக்கிறார், ஒருவர் ‘இப்ப விக்கிற விலையா இது’ என்று ஷட்டரைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் பூட்டிய கடை இருந்தால் உங்கள் கடைக்கும் ஆள் வராது. நடைபாதையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் அதை மாற்றுவது யார் பொறுப்பு என்பதில் ஒரு கூட்டம் போடவேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம்தான், ஆனால் வடத்தைப் பிடிக்க எல்லாரும் வரவேண்டுமே.

இடித்துக் கட்டும் கணக்கு இங்கேதான் உள்ளே வருகிறது. உங்கள் கடைக்குப் பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிக்கப்படாத மனைப் பங்கு, நீங்களெல்லாம் யு.டி.எஸ். என்று சொல்வது, இன்று கடையைவிட மதிப்பு கூடியது. மாநிலத்தின் 2019 கட்டட விதிகளின்படி உயரமான கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 3.25, அதாவது மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு கட்டலாம். அதற்கு மேலும் கட்டணம் கட்டிக் கூடுதலாக வாங்கலாம். உங்கள் மனைக்குக் கணக்குப் போடுகிறவர் கடைகளைப் பார்க்கமாட்டார். மனைக்கு மேலே இருக்கும் காலி வானத்தைத்தான் பார்ப்பார். அந்த வானத்துக்கும் பத்திரப்படி நீங்கள் பங்காளிகள் என்பதை மறக்கவேண்டாம்.

சட்டமும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-இல் நிறைவேறி 2024-இல் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்ற வழி அதில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே ஒருவர் முரண்டு பிடித்து ஒரு கட்டடத்தையே நிறுத்திவைத்த கதைகளுக்கு இது முற்றுப்புள்ளி வைக்கப் பார்க்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் வீடுகளைத்தான் முக்கியமாக மனதில் வைத்திருப்பார்கள். உங்கள் வளாகத்துக்கு, உங்கள் பழைய பத்திரங்களின் வாசகத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை நல்ல வக்கீல் ஒருவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கட்டுகிறவர் அழைத்து வரும் வக்கீலிடம் அல்ல.

வாடகைக்கு இருப்பவர்களே, இனி உங்களுக்கு. மேலே சொன்ன மூன்றில் இரண்டு பங்கில் நீங்கள் எங்கும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கல்லாவில் உட்கார்ந்து, போணி ஆகாத காலையெல்லாம் காத்திருந்து, அந்த இடத்துக்கு இருபது வருஷம் பெயர் சம்பாதித்துக் கொடுத்தவர் நீங்கள். கையெழுத்துப் போடுகிறவர் வேறு.

சிங்கப்பூரில் இதற்கு ஓர் உதாரணம் நடந்து முடிந்திருக்கிறது. அங்கே பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடமாக இருந்தால் எண்பது சதவீத உரிமையாளர் சம்மதத்தில் மொத்தமாக விற்கலாம். பீச் ரோட்டில் இருக்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் எழுபதுகளில் கட்டியது, படிக்கட்டுப் போலச் சாய்ந்து ஏறும் கட்டடம். கீழே சின்னச் சின்னக் கடைகள், தாய்லாந்து சாப்பாட்டுக் கடைகள், தாய்லாந்துக்குப் போகும் பஸ் ஏஜெண்டுகள். பார்க்க அழகில்லை என்று ஒரு காலத்தில் நாடாளுமன்றத்திலேயே திட்டு வாங்கியது. பிறகு அதன் கட்டடக் கலையின் அருமை உணர்ந்து 2021-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். 2022-இல் 70 கோடி சிங்கப்பூர் டாலருக்கு விலை போனது. கட்டடம் பிழைத்தது. சொந்தக்காரர்களுக்குப் பணம் வந்தது. 2023 மே மாதம் கடைக்காரர்கள் காலி செய்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். கான்கிரீட்டைக் காப்பாற்றச் சட்டம் இருந்தது, அந்தச் சந்தையைக் காப்பாற்ற ஒரு வரி இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்ததே. 1985-இல் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். கடைகள் கிடைத்தன, கூட்டம் கூட வரவில்லை. மாற்று இடம் கொடுத்தோம் என்று அரசு சொல்வதும், வியாபாரம் போய்விட்டது என்று அவர்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மை.

இந்த இரண்டையும் வைத்துத்தான் என் கோரிக்கையைச் சொல்கிறேன். கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கமாட்டேன். 1895 கட்டடம் இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. இதே சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தடுத்த பிறகு அந்தக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் மரம் முளைத்துப் பாழடைந்து கிடந்ததையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் போனோம். உங்கள் பிளாசாவின் சுவர்களில் எனக்கு அப்படியொரு பற்றும் கிடையாது. உள்ளே நுழைந்தால் திசை தெரியாது, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் வழியில் அரைப்படி, இறக்கம், திருப்பம். வாங்கிய கடைக்கே திரும்பிப் போய் மாற்ற முடியாமல் தவித்திருக்கிறேன். இடிக்கலாம். இடிக்கிறபோது நூறு சதுர அடி என்ற அந்த அளவை மட்டும் புதிய கட்டடத்துக்குக் கொண்டுபோங்கள்.

உங்களிடம் வரப்போகும் வரைபடத்தில் என்ன இருக்கும் என்று எளிதில் ஊகிக்கலாம். மேலே அலுவலகக் கோபுரம், ஒருவேளை ஹோட்டல், கீழே இரண்டு தளம் பெரிய பிராண்டுகள். உங்கள் பங்குக்குப் பணமாகவோ, மேல் தளத்தில் அலுவலகப் பரப்பாகவோ தருவார்கள். ‘இந்தச் சின்னக் கடையை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க’ என்று இனிமையாகக் கேட்பார்கள். கையில் பணத்தோடு வெளியே வருகிற உங்களுக்கு அதே சாலையில் இன்னொரு நூறு சதுர அடி விலைக்குக் கிடைக்காது. ஏனென்றால் அந்த அளவில் இனி யாரும் கட்டவில்லை. வாடகைக்கு மால் கட்டுகிறவர் பெரிய கடைகளைத்தான் விரும்புவார். சின்னக் கடைக்கு இடம் கொடுத்தாலும் நடைபாதை நடுவே சக்கரம் வைத்த வண்டியில், மாத ஒப்பந்தத்தில்.

எனவே பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது தரைத்தளத்திலோ முதல் தளத்திலோ, சாலையிலிருந்தும் மெட்ரோவிலிருந்தும் நடந்து வருகிறவர் கண்ணில் படும்படி, சின்னக் கடைகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். விற்பனைக்கும் வாடகைக்கும். இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதில் முதல் உரிமை. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு ஒரு ஏற்பாடு. இதெல்லாம் கட்டுகிறவருக்குப் பெரிய இழப்பில்லை, மொத்தப் பரப்பில் சிறு துண்டு. உரிமையாளர்களே, இதைக் கேட்க உங்களுக்குத்தான் பலம் இருக்கிறது. உங்கள் கையெழுத்துக்கு ஒரே ஒரு முறைதான் விலை. போட்ட பிறகு நீங்களும் பார்வையாளர்.

‘வாடகைக்காரனுக்காக நான் ஏன் பேரம் பேசணும்?’ என்று சிலர் கேட்பீர்கள். கருணைக்காக வேண்டாம், கணக்குக்காகப் பேசுங்கள். காலிக் கட்டடத்தைவிட ஓடுகிற சந்தையை விற்கிறவருக்குப் பேரத்தில் கை மேலே. பூட்டிய ஷட்டர்கள் அதிகமாக அதிகமாக உங்கள் பங்கின் விலையை மற்றவர் நிர்ணயிப்பார். வாடகை குறைந்தாலும் பரவாயில்லை என்று கடையைத் திறந்து வைக்கச் சம்மதித்தவர்கள் மற்றவர்களுக்கும் சேர்த்து நல்லது செய்திருக்கிறார்கள். பூட்டி வைத்தவர்கள் செய்யவில்லை. இதை நான் வெளிப்படையாகச் சொல்வது பிடிக்காமல் போகலாம்.

அதுவரைக்கும் செய்யவேண்டியது ஒன்று உண்டு, அதைத் தள்ளிப்போடவே கூடாது. தீ. இந்த வட்டாரத்துக்குத் தீயோடு நீண்ட பழக்கம். 1975-இல் எல்.ஐ.சி. கட்டடம், 1983-இல் உங்கள் மனையில் ஸ்பென்சர், 1985-இல் மூர் மார்க்கெட். தி. நகர் உஸ்மான் சாலையில் 2017 மே மாதக் கடைசியில் சென்னை சில்க்ஸ் ஏழு மாடிக் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்ததை நகரமே தொலைக்காட்சியில் பார்த்தது. பிறகு மிச்சத்தை இடித்தே தள்ளவேண்டியிருந்தது. வயதான எந்த வணிக வளாகத்திலும் ஆபத்து ஒரே மாதிரிதான் சேர்கிறது. காலிக் கடை கிடங்காகிறது. அட்டைப் பெட்டி படிக்கட்டுக்கு வருகிறது. ஒரு பிளக்கில் நாலு எக்ஸ்டென்ஷன் தொங்குகிறது. அவசர வழிக் கதவில் திருட்டுப் பயத்தால் பூட்டு. பொதுச் செலவில் பணம் இல்லாததால் ஸ்பிரிங்ளரையும் அலாரத்தையும் யாரும் சோதிப்பதில்லை. உங்கள் வளாகத்தில் இதில் எது எந்த அளவு என்பதை நீங்களே ஒரு நாள் எல்லாத் தளமும் நடந்து பாருங்கள். மெயின்டனன்ஸ் தகராறு எது இருந்தாலும் இந்தச் செலவை மட்டும் தனிக் கணக்கில் வையுங்கள், அதற்குப் பணம் கட்ட மறுக்கிறவர் பெயரை நுழைவாயிலில் எழுதி ஒட்டினாலும் நான் தப்பு சொல்லமாட்டேன். இன்னொரு முறை அதே மனையில் தீ வந்து முடிவு செய்துவிட்டால், பங்குக் கணக்கு, சின்னக் கடை, முதல் உரிமை எதையும் பேச ஆள் இருக்கமாட்டார்கள்.

உங்கள் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளை இதுவரை நான் குறிப்பிடவில்லை. சேல்ஸ் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள், தையற்காரரிடம் காஜா எடுப்பவர், ஃபோன் ரிப்பேர் மேசையில் குனிந்தே இருப்பவர். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. பெரிய துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே கால் வீங்கியவர்களுக்காக வந்த திருத்தம். சின்னக் கடையில் ஒரு ஸ்டூல் எப்போதும் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மூடும் பேச்சு வரும்போது, இவர்களுக்கு எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்வது, என்ன கொடுத்து அனுப்புவது என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். பத்து மாத அட்வான்ஸைத் திரும்ப வாங்க நீங்கள் எப்படிப் போராடுவீர்களோ அதில் பாதி வேகத்திலாவது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது முழுக்க என் சுயநலம். பழைய ஸ்பென்சருக்குப் படங்கள் இருக்கின்றன, புத்தகம் இருக்கிறது, கேட்லாக்குகள் இருக்கின்றன. உங்கள் ஸ்பென்சருக்கு எதுவும் இல்லை. தொண்ணூற்றிரண்டில் கடை திறந்தபோது எடுத்த குடும்பப் படம், முதல் பில் புத்தகம், அப்போதைய பிளாஸ்டிக் பை, ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், சங்கக் கூட்ட அறிவிப்பு, விசிட்டிங் கார்டு, இதெல்லாம் உங்கள் மேசையின் கீழ் டிராயரில்தான் இருக்கும். காலி செய்யும் வாரத்தில் குப்பையோடு போய்விடும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. துண்டுப் பிரசுரம், நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைத்திருப்பவர்கள். ஆளுக்கு ஒரு உறையில் போட்டு, கடை எண்ணையும் வருஷத்தையும் மேலே எழுதி, சங்கத்தின் மூலம் மொத்தமாக அவர்களிடம் பேசிப் பாருங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டுமானால் சங்க அறைக்கே கொண்டுவந்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் சௌகரியம்.

இப்படிக்கு,
உங்களிடம் பெல்ட்டும் பேக் கவரும் வாங்கிய, வாங்காமல் சுற்றியதே அதிகமான,
ஒரு வாடிக்கையாளர்